கட்டி முடியாத கப்பல்கள்

பெரும் போர்க்கப்பல் ஒன்றைக் கட்டுவதற்கு உத்தரவு பிறப்பிக்கும் சர்க்கார், கையெழுத்திடும் அன்று தன் கண்முன் நிற்கும் யுத்தத்தை மனத்திற்கொண்டே கையெழுத்திடுகிறது. ஆனால் ஏரா என்னும் அடித்தண்டை அமைத்து, விலாச் சட்டங்களை நிறுத்தி, கவசத் தகடுகளைப் போர்த்தி, பீரங்கிக் கூண்டுகளை ஏற்றி, அந்தக் கப்பல் கடலுக்குப் புறப்படுவதற்குள் நான்கைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் யுத்தம் வேறு யுத்தமாகிவிடுகிறது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஈடுபட்ட கடல் வல்லரசுகளில் இந்தச் சங்கடத்திலிருந்து தப்பியது ஒன்றுமில்லை. அவற்றின் வரைபட அறைகளிலும் கட்டுதளங்களிலும் பாதியில் நின்றுபோன கப்பல்களின் வரலாறு, போரிட்ட கப்பல்களின் வரலாற்றைப் போல வாசகரின் நெஞ்சை விம்மச் செய்வதன்று. ஆயினும், ஒரு தேசம் தன்னிடமுள்ள இரும்பையும் தொழிலாளரின் கைத்திறனையும் எதற்குச் செலவிடுவது என்று எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை அறிய விரும்புவோர் அங்கேதான் தேடவேண்டும். என் அபிப்பிராயத்தில், கப்பலைக் கட்டத் துணிந்த ராஜதந்திரிகளைக் காட்டிலும், கட்டிக்கொண்டிருந்த கப்பலைத் தக்க தருணத்தில் நிறுத்தத் துணிந்தவர்களே அந்த யுத்தத்தில் அதிக விவேகத்தைக் காட்டினார்கள்.

முதலில் பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 1939-ஆம் ஆண்டின் கோடையில், யுத்தம் மூள்வதற்கு மூன்று மாதங்கள் முன்பாக, பர்க்கன்ஹெட்டில் கேமல் லேர்ட் கம்பெனியாரின் கட்டுதளத்தில் ‘டெமரேர்’ என்ற கப்பலுக்கும், அடுத்த மாதம் டைன் நதிக்கரையில் விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் கம்பெனியாரின் கட்டுதளத்தில் ‘லயன்’ என்ற கப்பலுக்கும் ஏரா அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் பதினாறு அங்குல வாயுடைய ஒன்பது பீரங்கிகளைத் தாங்க வேண்டும் என்பது திட்டம். இவற்றைத் தொடர்ந்து ‘கான்க்கரர்’, ‘தண்டரர்’ என்று மேலும் இரண்டு கப்பல்கள் எழும்ப வேண்டியிருந்தன. யுத்தப் பிரகடனம் ஆகி ஒரு மாதம் சென்றதும், அக்டோபரில், வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போது கடற்படை மந்திரியாக இருந்தவர் சர்ச்சில். பெரிய கப்பல்களின் மீது அவருக்கு இருந்த மோகம் யாவரும் அறிந்தது. அத்தகையவர் பதவியிலிருந்த காலத்திலேயே இந்த நிறுத்தம் நேர்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1943-க்கு முன்னால் முடியாத கப்பல் 1940-இன் ஆபத்துக்கு உதவாது. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகளிடமிருந்து காக்கும் சிறு காவற்கப்பல்களுக்கும், மூழ்கியவற்றுக்கு ஈடாகக் கட்டவேண்டிய வணிகக் கப்பல்களுக்கும் அதே எஃகும் அதே கம்மியர்களும் தேவைப்பட்டார்கள். கணக்கு அவ்வளவுதான், ஆனால் கௌரவத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கணக்கைப் போடுவது எளிதன்று.

இந்த வகைக் கப்பல்களில் மிக மெதுவாக உருவாவது உடலன்று, பீரங்கிக் கூண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஒரு கூண்டு தன் பீரங்கிகளோடும் கவசத்தோடும் குண்டேற்றும் யந்திரங்களோடும் ஆயிரம் டன்னைத் தாண்டிவிடும்; அதை வடிவமைப்பதற்கும் வார்த்துக் கடைவதற்கும் வல்ல ஆலைகள் எந்த நாட்டிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. ஆகையால்தான், 1920-களில் ‘கரேஜியஸ்’, ‘குளோரியஸ்’ என்னும் இரண்டு கப்பல்களை விமானந்தாங்கிகளாக மாற்றியபோது கழற்றிவைத்த பதினைந்து அங்குலப் பீரங்கிக் கூண்டுகள் கிடங்கில் இருப்பது நினைவுக்கு வந்ததும், இடித்த வீட்டுத் தூண்களின் அளவுக்கேற்பப் புதிய வீட்டைக் கட்டுவதுபோல, அந்தக் கூண்டுகளுக்காகவே ‘வான்கார்ட்’ என்ற கப்பல் வரையப்பட்டது. 1941 அக்டோபரில் ஏரா அமைந்த அக்கப்பல் 1946-இல், யுத்தம் ஓய்ந்த பிறகு, முடிந்தது. மறு ஆண்டு அரச குடும்பத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்றிச் சென்றதே அது செய்த பெரிய காரியம். பகைவன்மீது ஒரு குண்டும் சுடாமல் 1960-இல் உடைப்புக்குப் போயிற்று. நிறுத்தப்பட்ட ‘லயன்’ சரியான முடிவென்றும், முடிக்கப்பட்ட ‘வான்கார்ட்’ தவறான முடிவென்றும் கூறினால் ஆங்கிலேயர் சிலருக்குக் கோபம் வரலாம். எனினும் அதுவே உண்மை.

அமெரிக்காவின் நிலைமை வேறு. அந்நாட்டிடம் இரும்புக்குப் பஞ்சமில்லை. பிரான்ஸ் வீழ்ந்த அதிர்ச்சியில் 1940 ஜூலை 19-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட இரு மகாசமுத்திரக் கடற்படைச் சட்டத்தின்கீழ், ‘மான்டானா’ முதலிய ஐந்து பிரம்மாண்டமான போர்க்கப்பல்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. அறுபதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடை, பதினாறு அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு, தொள்ளாயிரத்து இருபது அடிக்கு மேற்பட்ட நீளம் என்று வகுக்கப்பட்ட இக்கப்பல்களின் அகலம் 121 அடி. பனாமா கால்வாயின் மதகுகளோ 110 அடி அகலமே உள்ளவை. அதுவரை அமெரிக்கப் போர்க்கப்பல் யாவும் அந்த மதகுகளுக்குள் நுழையும்படியே திட்டமிடப்பட்டு வந்தன. இந்த விதியை முதன்முதலாக மீறத் துணிந்த வடிவமைப்பாளர்கள், கால்வாயிலேயே மூன்றாவது மதகுவரிசை ஒன்று அகலமாக வெட்டப்படும் என்ற திட்டத்தை நம்பினார்கள். மதகு வெட்டும் வேலையும் தொடங்கிற்று. 1942-இல் அதுவும் நின்றது. ஒரு கப்பலின் திட்டம் இன்னொரு மாபெரும் திட்டத்தின்மீது சாய்ந்து நிற்க, இரண்டும் ஒருங்கே சரிந்த விசித்திரத்தை இங்கே காண்கிறோம்.

கப்பல் திட்டம் சரிந்ததற்குக் காரணம் பஞ்சமன்று, அனுபவம். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் தகர்த்தன. மூன்றே நாளில், மலேயாக் கரைக்கு அப்பால், ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய இரண்டையும் விமானங்களே மூழ்கடித்தன. 1942 ஜூனில் மிட்வே தீவுக்கருகே நடந்த யுத்தத்தில் இருதரப்புக் கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணால் காணாமலே வெற்றி தோல்வி நிர்ணயமாயிற்று. இனி விமானந்தாங்கியும், துருப்புகளைக் கரையிறக்கும் கப்பலும், நீர்மூழ்கியை வேட்டையாடும் சிறு கலமுமே வேண்டும் என்று தெளிந்த அமெரிக்கர், ‘மான்டானா’ வகைக் கப்பல்களில் ஒன்றுக்குக்கூட ஏரா அமைக்காமல் 1943 ஜூலையில் ஐந்தையும் ரத்து செய்தார்கள். 1920-இல் தொடங்கிய வேறொரு ‘மான்டானா’வும், கடற்படைகளைக் கட்டுப்படுத்திய வாஷிங்டன் ஒப்பந்தத்தின் விளைவாகக் கைவிடப்பட்டிருந்தபடியால், அந்த ராஜ்யத்துக்குத் தன் பெயர் தாங்கிய பெரும் போர்க்கப்பல் வாய்க்கவேயில்லை.

ஆனால் நின்றுபோன அமெரிக்கக் கப்பல்களில் என் மனத்தை அதிகமாகக் கவர்வது ‘கென்டக்கி’. நார்ஃபோக் கடற்படைக் கட்டுதளத்தில் 1942 மார்ச்சில் ஏரா அமைத்துத் தொடங்கிய இக்கப்பலின் அடிப்பாகம் மட்டும் உருவாகியிருந்த நிலையில், மூன்றே மாதங்களில் அதை நீரில் மிதக்கவிட்டு அப்புறப்படுத்தினார்கள். அந்த இடத்தில் டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பல்களைக் கட்டவேண்டியிருந்தது. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், 1944 டிசம்பரில், மறுபடியும் ஏரா அமைத்தார்கள். யுத்தம் முடிந்தது, வேலை நின்றது, தொடர்ந்தது, மீண்டும் நின்றது. 1950 ஜனவரியில் இதன் உடன்பிறப்பான ‘மிஸௌரி’ என்ற கப்பல், ஜப்பானின் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான அதே புகழ்பெற்ற கப்பல், ஹாம்ப்டன் ரோட்ஸ் அருகே தரைதட்டி நின்றுவிட, அதைப் பழுதுபார்க்க உலர்துறை காலியாக வேண்டும் என்பதற்காகவே ‘கென்டக்கி’யை ஆரவாரமின்றி வெளியே மிதக்கவிட்டார்கள். இரண்டு தடவையும் அது நீரில் இறங்கியது பிறர் வசதிக்காகத்தான்.

கதை அதோடு முடியவில்லை. 1956 மே மாதம் மூடுபனியில் ‘விஸ்கான்சின்’ என்ற மற்றோர் உடன்பிறப்பு, ‘ஈட்டன்’ என்னும் நாசகாரிக் கப்பலின்மேல் மோதித் தன் அணியத்தைச் சிதைத்துக்கொண்டது. முற்றுப்பெறாமல் கிடந்த ‘கென்டக்கி’யின் முன்பகுதியில் 68 அடி நீளமும் 120 டன் எடையும் கொண்ட துண்டத்தை வெட்டியெடுத்து, தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, ‘விஸ்கான்சி’னின் முகத்தில் பொருத்தினார்கள், பதினாறே நாளில் வேலை முடிந்தது. ஒரே வரைபடத்திலிருந்து பிறந்த கப்பல்களாகையால் இது சாத்தியமாயிற்று. உடலை 1958-இல் உடைப்புக்கு விற்றபோதும் அதன் டர்பைன் யந்திரங்களை விற்கவில்லை. அவற்றை இரண்டாகப் பகிர்ந்து, ‘ஸாக்ரமென்டோ’, ‘கேம்டன்’ என்னும் இரண்டு பெரிய தளவாடக் கப்பல்களில் அமைத்தார்கள். அவ்விரண்டும் இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரையில், 2004, 2005 வரையில், கடலில் உழைத்தன. நார்ஃபோக்கில் இப்போது காட்சிசாலையாக நிற்கும் ‘விஸ்கான்சி’னைக் காணச் செல்பவர்கள், தாம் முதலில் காணும் அந்த அணியம் மற்றொரு கப்பலுடையது என்பதை அறிந்துகொள்வது நலம்.

நிறுத்தத் தெரியாத அரசுகளும் இருந்தன. ஸ்டாலினுடைய விருப்பத்தின்பேரில் சோவியத் ரஷ்யா பதினைந்து மாபெரும் போர்க்கப்பல்களுக்குத் திட்டமிட்டது. 1938-இல் லெனின்கிராடில் ‘சோவியத்ஸ்கி சோயுஸ்’, கருங்கடற் பக்கத்து நிக்கோலாயெவில் ‘சோவியத்ஸ்காயா உக்ரைனா’, பிறகு வடக்கே வெண்கடற்கரையில் சதுப்பு நிலத்தின்மேல் புதிதாக எழுப்பிய மோலட்டோவ்ஸ்க் நகரில் மேலும் இரண்டு என்று நான்கு கப்பல்களுக்கு ஏரா அமைந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுபதினாயிரம் டன். ஆனால் கப்பல் கட்டும் ஆசை வந்த அளவுக்கு அதற்குரிய உலோகத்தொழில் வளரவில்லை. 230 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனத்தில் மேற்பரப்பைக் கடினப்படுத்திய கவசத் தகடுகளை ரஷ்ய ஆலைகளால் திருப்தியாகச் செய்ய முடியவில்லை. மோலட்டோவ்ஸ்கில் எழும்பிக்கொண்டிருந்த ‘பெலோருஸியா’வில், தரக்குறைவான ஆணிகள் எழுபதினாயிரம் அறையப்பட்டிருப்பதைக் கண்டு 1940 அக்டோபரில் அதைக் கைவிட்டார்கள். எஞ்சிய மூன்றும் மறு ஆண்டு ஜூனில் ஜெர்மானியர் எல்லைதாண்டும் வரையில் அந்த ஏழை நாட்டின் எஃகை விழுங்கிக்கொண்டிருந்தன. ஆகஸ்டில் நிக்கோலாயெவ் விழுந்தபோது ‘உக்ரைனா’ கட்டுதளத்திலேயே எதிரியின் கைக்குப் போயிற்று.

எனினும் இந்தப் பெரும் விரயத்திலிருந்தும் ஒரு பிரயோஜனம் கிட்டியது. இக்கப்பல்களுக்காக வார்த்த 406 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, பரீட்சைக்காக லெனின்கிராடுக்கு அருகிலுள்ள சுடுதளத்தில் தரைமேடையொன்றில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. நகரம் முற்றுகையில் அகப்பட்டபோது, கடலைக் காணாத அந்தப் பீரங்கி ஜெர்மானியரின் அணிகள்மீது குண்டு பொழிந்தது. பதினைந்து கப்பல்களுக்கான திட்டத்திலிருந்து பகைவன்மீது சுட்டது அந்த ஒன்றே.

ஜெர்மனியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டியது ‘கிராஃப் ஸெப்பலின்’ ஒன்றுதான். 131 ஆயிரம் டன் எடையும் இருபது அங்குலப் பீரங்கியும் கொண்டதாகக் காகிதத்தில் வரைந்த ராட்சதக் கப்பலைப் பற்றிப் பலர் ஆச்சரியத்தோடு எழுதுகிறார்கள். அது கணக்குப் பயிற்சியேயன்றிக் கப்பல் அன்று. ‘கிராஃப் ஸெப்பலின்’ அப்படியன்று. கீல் துறைமுகத்தில் 1938 டிசம்பரில் நீரில் இறங்கிய மெய்யான விமானந்தாங்கி. விமானம் என்று பெயருள்ளதெல்லாம் தன்னுடையதே என்று சாதித்த விமானப்படைத் தலைவர் கோயரிங்குக்கும், கடற்படைத் தலைவர் ரேடருக்கும் இடையே நடந்த பிணக்கில் அக்கப்பல் நான்காண்டுகள் நசுங்கிற்று. 1940-இல் வேலை நின்றது. அதன் பீரங்கிகள் நார்வேயின் கரைக்காவலுக்குப் போயின. கப்பலோ கடற்படைக்கு வேண்டிய மரக்கட்டைகளை அடுக்கிவைக்கும் கிடங்காயிற்று. 1942-இல் மறுபடி தொடங்கிய வேலை, பெரிய கப்பல்களின்மேல் ஹிட்லருக்கு எழுந்த சினத்தால் 1943-இன் தொடக்கத்தில் அறவே நின்றுபோயிற்று. 1945 ஏப்ரலில் ஜெர்மானியரே அதை ஸ்டெட்டினில் மூழ்கடித்தார்கள். ரஷ்யர் மீட்டெடுத்து, 1947 ஆகஸ்டில் குண்டுப் பரீட்சைக்கு இலக்காக்கி அமிழ்த்தினார்கள். பால்டிக் கடலடியில் அது கிடக்கும் இடத்தை 2006-இல் போலந்து நாட்டு எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கப்பல் தற்செயலாகக் கண்டது.

முடித்தே தீருவேன் என்று பிடிவாதம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானின் ‘ஷினானோ’ சாட்சி. ‘யமாட்டோ’ வகையில் மூன்றாவது போர்க்கப்பலாகத் தொடங்கி, மிட்வே தோல்விக்குப்பின் விமானந்தாங்கியாக மாற்றப்பட்ட அது, நீர்புகாக் கதவுகள்கூடச் சரிவரப் பொருந்தாத நிலையில் 1944 நவம்பர் 19-ஆம் தேதி படையில் சேர்ந்தது. பத்தாம் நாள் ‘ஆர்ச்சர்ஃபிஷ்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கியின் டார்ப்பிடோக்களுக்கு இரையாயிற்று. இதே வகையில் நான்காவது கப்பலை முன்னமேயே நிறுத்தியவர்கள், இதையும் நிறுத்தியிருந்தால் பல நூறு மாலுமிகள் பிழைத்திருப்பார்கள்.

நிறுத்தப்பட்ட திட்டங்களுள் வினோதமானதொன்றையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. ஜியாஃப்ரி பைக் என்ற ஆங்கிலேயர், பனிக்கட்டியால் இரண்டாயிரம் அடி நீளமுள்ள விமானந்தாங்கி ஒன்றைக் கட்டி அட்லாண்டிக்கின் நடுவே மிதக்கவிடலாம் என்றார். பிற்காலத்தில் நம் நாட்டின் கடைசி வைஸ்ராயாக வந்த மவுண்ட்பேட்டன் இதை ஆதரித்தார்; விவிலியத்துத் தீர்க்கதரிசி ஆபகூக்கின் பெயரைத் திட்டத்துக்குச் சூட்டினார்கள். நீரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மரக்கூழைக் கலந்து உறையவைத்தால் அது சாதாரணப் பனிக்கட்டியைக் காட்டிலும் பன்மடங்கு வலுவுடையதாய், மெதுவாக உருகுவதாய் இருப்பது தெரிந்தது. லண்டனில் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் குளிரறையில் இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மேக்ஸ் பெருட்ஸ், பிறகு 1962-இல் நோபல் பரிசு பெற்றவர். கனடாவில் ஜாஸ்பருக்கு அருகே ஓர் ஏரியில் அறுபது அடி நீள மாதிரியும் கட்டினார்கள். ஆனால் குளிர்ப்பதன யந்திரங்களையும் காப்புறையையும் எஃகுச் சட்டங்களையும் கூட்டிப் பார்த்தபோது, எஃகை மிச்சப்படுத்த எழுந்த திட்டம் எஃகையே பெருமளவில் கேட்டது. அதற்குள் நெடுந்தூர விமானங்களும் அஸோர்ஸ் தீவுகளில் விமானத்தளமும் வாய்த்துவிட்டன. திட்டம் கைவிடப்பட்டது, மாதிரி உருகுவதற்குப் பல கோடைகள் பிடித்தன.

இனி நம் நாட்டைத் தொட்ட பகுதிக்கு வருகிறேன். 1942-இல் பிரிட்டிஷ் கடற்படையார், வணிகக் கப்பல்களைக் கட்டிப் பழகிய சாதாரணத் துறைகளும் விரைவில் கட்டத்தக்கதாக, கவசமில்லாத இலகுவான விமானந்தாங்கி ஒன்றை வடிவமைத்தார்கள். யுத்தம் முடியும் வரையில், அல்லது மூன்றாண்டுகள், தாங்கினால் போதும் என்பதே அவர்கள் எண்ணம். பதினாறு கப்பல்களில் கடைசி ஆறு ‘மெஜஸ்டிக்’ வகை எனப்பட்டன. அந்த ஆறில் ஒன்றும் யுத்தம் முடிவதற்குள் முடியவில்லை. டைன் நதியில் 1943-இல் தொடங்கி, 1945 செப்டம்பரில் நீரில் இறங்கிய ‘ஹெர்குலிஸ்’ முக்கால் பங்கு உருவான நிலையில் ஒதுக்கி வைக்கப்பட்டது. 1957-இல் இந்திய சர்க்கார் அதை வாங்கி, பெல்ஃபாஸ்டில் முடிக்கச் செய்தது. 1961 மார்ச் 4-ஆம் தேதி விஜயலக்ஷ்மி பண்டிட் அம்மையார் முன்னிலையில் அது ‘விக்ராந்த்’ ஆயிற்று. பத்தாண்டுத் தாமதத்தால் ஒரு லாபமும் நேர்ந்தது: யுத்தத்துக்குப்பின் கண்டுபிடித்த சாய்கோணத் தளமும் நீராவி உந்துகருவியும் அதில் அமைந்தன, 1946-இல் அவசரமாக முடிந்திருந்தால் அது ஜெட் விமானங்களுக்கு ஏற்றதாக இருந்திராது. 1971 டிசம்பரில் நடந்த வங்கதேச யுத்தத்தில், கொதிகலன் ஒன்று வெடிப்புற்றிருந்த நிலையிலும், அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. மூன்றாண்டுக்கென்று வரைந்த கப்பல் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்தது.

‘எலிபன்ட்’ என்ற பெயரில் 1944-இல் பாரோவில் தொடங்கிய மற்றொரு விமானந்தாங்கியும் யுத்தம் முடிந்ததும் நின்று, ‘ஹெர்மிஸ்’ என்று பெயர் மாறி, 1959-இல்தான் படையில் சேர்ந்தது. 1987-இல் அது நம்முடைய ‘விராட்’ ஆயிற்று. ‘மெஜஸ்டிக்’ வகைக் கப்பல்கள் ஆறில் முடியவேயில்லாத ஒன்று ‘லெவியாதன்’. பெரும்பகுதி உருவான பின் 1946-இல் நின்று, இருபதாண்டுக்கு மேல் கரையோரம் துருவேறிக் கிடந்த அது, 1968-இல் உடைப்புக்குப் போவதற்குமுன் தன் கொதிகலன்களைத் தானம் செய்தது. தீவிபத்தில் கொதிகலன் எரிந்துபோன ‘காரல் டோர்மன்’ என்ற டச்சு விமானந்தாங்கிக்கு அவற்றைப் பொருத்தி, அக்கப்பலை அர்ஜென்டினாவுக்கு விற்றார்கள். 1982-இல் ஃபாக்லாந்து யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் படைக்குத் தலைமைக் கப்பல் ‘ஹெர்மிஸ்’. எதிர்த்தரப்பின் ஒரே விமானந்தாங்கி, ‘லெவியாதன்’ கொதிகலன்களால் ஓடிய ‘வெயின்டிஸின்கோ டி மாயோ’. மே மாதத் தொடக்கத்தில் அர்ஜென்டினர் தம் விமானங்களைக் குண்டேற்றி நிறுத்தியிருந்தும், அவை எழும்புவதற்குப் போதிய காற்று அன்று வீசவில்லை, தாக்குதல் நடக்கவில்லை.

அர்ஜென்டினக் கப்பல் புத்தாயிரத்தின் தொடக்கத்தில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு இழுத்துவரப்பட்டு உடைக்கப்பட்டது. மும்பையில் சில ஆண்டுகள் காட்சிசாலையாக இருந்த ‘விக்ராந்த்’, பராமரிப்பாரின்றி 2012-இல் மூடப்பட்டு, 2014-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. ‘விராட்’டைக் காப்பாற்ற மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் திட்டங்கள் பேசப்பட்டன, ஒன்றும் நிறைவேறாமல் 2020 செப்டம்பரில் அதுவும் அலங் போய்ச் சேர்ந்தது. பிறர் பாதியில் விட்ட இரண்டு கப்பல்களை வாங்கி, அவற்றைத் தலைமுறைக்கணக்கில் ஓட்டிக் காட்டிய நம் கடற்படையின் கைத்திறனுக்குச் சான்றாக, இரண்டில் ஒன்றையேனும் நாம் காத்து வைத்திருக்க வேண்டும். அது நம்மால் செய்யக்கூடிய காரியமே. செய்யாமல் விட்டது தவறு.